எய்தவன் யார் என்று கேட்காதீர்கள்

1

2022 அக்டோபர். ஆபீஸ் கேன்டீனில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஈரானில் போராட்டம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. சக்கேஸ் என்ற குர்து ஊரிலிருந்து தெஹ்ரானுக்கு வந்த 22 வயதுப் பெண்ணை, தலைமுக்காடு சரியில்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. செப்டம்பர் 16 அன்று அவள் இறந்துபோனாள். அரசாங்கத் தாளில் அவள் பெயர் மஹ்சா, வீட்டில் ஜீனா. இரண்டு வாரம் கழித்து நாட்டின் இன்னொரு மூலையில், பலூச் மக்கள் வாழும் ஸாஹிதானில், வெள்ளிக்கிழமைத் தொழுகை நாளன்று படைகள் சுட்டதில் டஜன் கணக்கில் ஆட்கள் செத்தார்கள்.

எதிரில் இருந்த நண்பன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். தொடக்கப் படத்திலேயே சதுரங்கப் பலகை, அதன் மேல் மூன்று நாட்டுக் கொடிகள். "நல்லா பாரு மச்சி. குர்து, பலூச். எல்லாமே பார்டர் ஏரியா. தானா நடக்குமா இது? பின்னாடி யார் இருக்கான்னு யோசி" என்றான். பக்கத்திலிருந்த இன்னொருவன், "யார் இருந்தா என்ன, அந்த நாடு நாலா உடைஞ்சா உலகத்துக்கு நல்லதுதான்" என்றான். இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். இருவரில் ஒருவர்கூட அந்த ஊர்களில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும்தான் பேசவில்லை. அன்று சொல்லத் தெரியாமல் போனதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. உலக அரசியல் பேசும்போது இதை நாம் பெரிய ஞானம் மாதிரி பயன்படுத்துகிறோம். எல்லைப்புற மக்கள் தெருவுக்கு வந்தால் உடனே எய்தவனைத் தேடப் புறப்பட்டுவிடுகிறோம். அமெரிக்காவா, இஸ்ரேலா, ரஷ்யாவா? இந்தத் தேடலில் ஒரு விஷயத்தை விவாதமே இல்லாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்: தெருவுக்கு வந்தவர்கள் அம்பு. அம்புக்கு வலி கிடையாது, வாய் கிடையாது. எய்தவனைக் கண்டுபிடித்துவிட்டால் வழக்கு முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் என் கட்சி.

2

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் முதலில் வருகிற கேள்வி: "கடைசியா யாரு கோடு போட்டது?" பெரும்பாலும் இதற்கு உண்மையான பதில் கிடைத்துவிடும். பெயர், நேரம், மாற்றிய வரி எல்லாம் பதிவில் இருக்கும். ஆனால் கொஞ்சம் அனுபவப்பட்ட குழு அதோடு நிறுத்தாது. ஒருத்தன் கை பட்டதும் விழுகிற நிலைமையில் இது இத்தனை நாள் ஏன் இருந்தது, நாம் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கேட்கும். முதல் கேள்வி ஆளைத் தருகிறது. இரண்டாவதுதான் காரணத்தைத் தருகிறது. ஆளைக் கண்டுபிடித்ததையே காரணம் கண்டுபிடித்ததாகக் கொண்டாடினால், அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும் விழும்.

இதை நிரூபிக்க எனக்குச் சாதகமான உதாரணத்தை எடுக்கப்போவதில்லை. எனக்கு மிகவும் பாதகமான ஒன்றை எடுக்கிறேன். வெளிநாட்டுக் கை இருந்தது என்பதற்குக் கையெழுத்தோடு ஆவணமே இருக்கிற இடம்: ஈரானின் வடமேற்கு எல்லை, தப்ரீஸ், 1945.

3

தப்ரீஸ் ஈரானிய அஜர்பைஜானின் தலைநகரம். பாரசீக அரசின் நகரம், ஆனால் வீட்டில் பேசுவது துருக்கி வகை மொழியான அஜேரி. வடக்கே அராஸ் ஆறு ஓடுகிறது. ரஷ்யாவிடம் தோற்று பாரசீகம் கையெழுத்துப் போட்ட இரண்டு ஒப்பந்தங்கள், 1813இல் குலிஸ்தான், 1828இல் துர்க்மென்சாய், அந்த ஆற்றை எல்லையாக்கின. ஒரே மொழி பேசியவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஷாவின் குடிகள், அந்தப் பக்கம் ஜாரின் குடிகள் ஆனார்கள்.

1907 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனும் ரஷ்யாவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்து பாரசீகத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொண்டன. வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குப் பகுதி, தென்கிழக்கு பிரிட்டனுடையது, நடுவில் பொது. பாரசீகத்திடம் யாரும் கேட்கவில்லை. அப்போது அங்கே அரசியலமைப்புப் புரட்சி நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

1908 ஜூனில் முகம்மது அலி ஷா, ரஷ்ய அதிகாரி லியாகோவின் தலைமையில் இருந்த கோசாக் படையை வைத்து அந்த மஜ்லிஸைப் பீரங்கியால் அடித்தார். தெஹ்ரான் அடங்கியது. தப்ரீஸ் அடங்கவில்லை. குதிரை வியாபாரம் பார்த்த சத்தார் கானும், கொத்தனார் வேலை பார்த்த பாகர் கானும் நகரத்தைப் பிடித்து நின்றார்கள். ரஷ்யத் தூதரகத்தின் பாதுகாப்புக் கொடியை வீட்டில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி சத்தார் கானிடம் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார் என்பதை இன்றும் அந்த ஊர் பெருமையாகச் சொல்கிறது. ஷாவின் படை முற்றுகையிட்டது. நகரம் பட்டினி கிடந்தது. முற்றுகையை உடைக்கப் போன குழு ஒன்றில், மிஷன் பள்ளியில் பாடம் நடத்த வந்த ஹோவர்ட் பாஸ்கர்வில் என்ற 24 வயது அமெரிக்க இளைஞன் குண்டு பட்டுச் செத்தான்.

அதற்குப் பிறகு? பட்டினி கிடப்பவர்களுக்கு உணவு கொண்டுபோகிறோம், வெளிநாட்டவரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி 1909 ஏப்ரலில் ரஷ்யப் படை உள்ளே வந்தது. வந்தது போகவில்லை. 1911 டிசம்பர் கடைசியில் நகரத்தில் அதை எதிர்த்துச் சண்டை மூண்டபோது, ஊரின் பெரிய மதகுருவான சிகத்துல் இஸ்லாமை, ஷியாக்களுக்கு ஆண்டிலேயே மிகத் துக்கமான ஆஷுரா நாளில், ரஷ்யர்கள் தூக்கில் போட்டார்கள்.

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். இந்தத் தடவை தப்ரீஸ் வெளிக்கையைப் பிடிக்கவில்லை. கொடியை வேண்டாம் என்றது. அப்படியும் நசுக்கப்பட்டது. "வெளிநாட்டான் உதவியை வாங்காம நேர்மையா போராடுனா மதிப்போம்" என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு தடவை படிக்க வேண்டும். நேர்மையாகப் போராடியவர்களை மதித்து எந்த வல்லரசும் ஒதுங்கி நின்றதாக அதில் இல்லை.

4

இனி பாதகமான உதாரணம்.

1941 ஆகஸ்ட் 25 அன்று ஈரானை வடக்கிலிருந்து சோவியத்தும் தெற்கிலிருந்து பிரிட்டனும் ஒரே நேரத்தில் பிடித்தன. தெற்கே அபாதான் எண்ணெய் ஆலையையும் குர்ரம்ஷஹரையும் பிடித்ததில் பிரிட்டிஷ் இந்தியப் படை வீரர்களும் இருந்தார்கள். ரெஸா ஷா பதவி விலகினார். போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் படைகள் வெளியேறும் என்று 1942 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதப்பட்டது.

1945 ஜூலை 6 அன்று மாஸ்கோவில் கட்சியின் பொலிட்பீரோ ஒரு முடிவெடுத்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு பாகூ ஆவணக் காப்பகத்திலிருந்து அது வெளியே வந்தது. ஈரானின் வடக்கில் பிரிவினை இயக்கம் ஒன்றைக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு கட்சி வேண்டும், பத்து லட்சம் ரூபிள் நிதி வேண்டும், ஆயுதக் குழுக்கள் வேண்டும், அந்த ஆயுதங்கள் வெளிநாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. அதே சமயத்தில் வட ஈரானில் எண்ணெய் தேடவும் மாஸ்கோ உத்தரவு போட்டிருந்தது. செப்டம்பர் 3 அன்று ஜாஃபர் பிஷேவரியின் அஜர்பைஜான் ஜனநாயகக் கட்சி தொடங்கியது. டிசம்பர் 12 அன்று தப்ரீஸில் தனி அரசாங்கம். அடக்க வந்த ஈரானியப் படையை நவம்பரிலேயே கஸ்வீன் பக்கத்தில் சோவியத் படை வழிமறித்து நிறுத்தியிருந்தது. 1946 ஜனவரி 22 அன்று, பக்கத்தில் மஹாபாத் என்ற ஊரில் காஸி முகம்மது குர்துக் குடியரசை அறிவித்தார்.

எய்தவன் யார்? ஸ்டாலின். தேதியோடு, நிதியோடு நிரூபணமாகிவிட்டது. வீடியோ போடுகிறவர் இங்கே எழுந்து கை தட்டலாம்.

ஆனால் அதே ஆவணத்தை இன்னொரு தடவை படியுங்கள். கட்சி எந்தக் கோஷங்களை எடுக்க வேண்டும் என்றும் மாஸ்கோ எழுதியிருக்கிறது. விவசாயிகளுக்கு நிலம், வேலை, ஊருக்குத் தண்ணீர், அவரவர் மொழியில் பள்ளிக்கூடமும் பத்திரிகையும். இந்தப் பட்டியலை ஸ்டாலின் கற்பனையில் எழுதவில்லை. தப்ரீஸ் தெருவில் கிடந்ததைப் பொறுக்கி எழுதினார். ரெஸா ஷா காலத்தில் பள்ளியில் அஜேரிக்கு இடமில்லை, அச்சிலும் இடமில்லை. குழந்தை வீட்டில் பேசுகிற மொழியைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நிலம் பெரிய மிராசுகளிடம். வரி தெஹ்ரானுக்கு. மாகாணங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் உண்டு என்று 1907இன் அரசியலமைப்புத் துணைச்சட்டம் சொன்னது. அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. பிஷேவரியின் ஆட்கள் கேட்டவற்றில் ஒன்று அந்த மன்றங்களை நடைமுறைப்படுத்துங்கள் என்பது. நாட்டின் சொந்தச் சட்டத்தில் இருப்பதைக் கேட்டார்கள்!

பிஷேவரியும் நேற்று முளைத்த ஆள் இல்லை. ரெஸா ஷாவின் சிறையில் பத்து வருடத்தைக் கழித்தவர். தப்ரீஸ் மக்கள் அவரை மஜ்லிஸுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1944இல் மஜ்லிஸ் அவர் தேர்வை ஏற்க மறுத்தது. முன்வாசலில் வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்வாசலில் ஏன் போனாய் என்று கேட்டால் எப்படி?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சரி, ஓநாயின் கண்ணீர் பொய். ஒத்துக்கொள்கிறேன். ஓநாய் அழுகிறது என்பதால் ஆடு நனையவில்லை என்று ஆகிவிடுமா?

5

அந்த அரசாங்கம் ஒரே ஒரு வருடம்தான் இருந்தது. அதற்குள் அஜேரியை ஆட்சிமொழியாக்கியது. அஜேரியில் பள்ளிப் பாடப்புத்தகம் அச்சடித்தது. அரசு நிலத்தையும் ஓடிப்போன நிலக்கிழார்களின் நிலத்தையும் விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. தப்ரீஸில் பல்கலைக்கழகம் தொடங்கியது. எதிர்த்தவர்களைச் சிறையிலும் போட்டது. ரகசியப் போலீசும் வைத்திருந்தது. சோவியத் நிழலில் வளர்ந்த செடிக்கு அந்தக் குணமும் இருக்கும், மறைக்க எதுவும் இல்லை.

பிறகு பெரியவர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். வெளியேற வேண்டிய 1946 மார்ச் 2 அன்று சோவியத் படை வெளியேறவில்லை. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலுக்கு வந்த முதல் புகாரே ஈரானில் சோவியத் தலையீடு பற்றியதுதான். ஏப்ரல் 4 அன்று ஈரானியப் பிரதமர் கவாம் மாஸ்கோவோடு ஒப்பந்தம் போட்டார். படை வெளியேறும், வடக்கில் சோவியத்–ஈரான் கூட்டு எண்ணெய் நிறுவனம் வரும், அதில் முதல் 25 வருடம் சோவியத்துக்கு 51 சதவீதம். அஜர்பைஜான்? அது ஈரானின் உள்நாட்டு விவகாரம்.

மே மாதத்தில் படை கிளம்பியது. மே 8 அன்று ஸ்டாலின் பிஷேவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் பிற்பாடு வெளிவந்தது. ஈரானில் புரட்சிகரச் சூழல் இல்லை, எங்கள் படை அங்கேயே இருந்தால் மற்ற நாடுகளிலிருந்து பிரிட்டனையும் அமெரிக்காவையும் வெளியேறச் சொல்ல முடியாது, இதெல்லாம் உமக்குப் புரியவில்லை என்று மாணவனுக்குப் பாடம் எடுக்கிற தொனி. எய்தவன் அம்பிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

டிசம்பரில் ஈரானியப் படை வந்தது. சரியாக ஒரு வருடம் முடிந்த அன்று தப்ரீஸ் விழுந்தது. எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதில் இன்றும் தகராறு உண்டு. கொலையும் கொள்ளையும் நடந்ததில் தகராறு இல்லை. பிற்பாடு அந்தப் பக்கம் பயணம் போன அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், கம்யூனிசத்துக்குத் துளியும் ஆதரவில்லாதவர், அந்தப் படை ஆடிய ஆட்டத்தைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அஜேரிப் பாடப்புத்தகங்களைப் பொது இடத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். காஸி முகம்மதுவை 1947 மார்ச் கடைசியில், அவர் குடியரசை அறிவித்த அதே மஹாபாத் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். பாகூவுக்கு ஓடிய பிஷேவரி அதே வருடம் கார் விபத்தில் செத்தார். அது விபத்துதானா என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. அவரோடு ஆற்றைக் கடந்தவர்களில் பலர் சோவியத் முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள்.

எண்ணெய்? 1947 அக்டோபரில் மஜ்லிஸ் அந்த ஒப்பந்தத்தை 102க்கு 2 என்று தள்ளுபடி செய்தது. ஸ்டாலினுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வல்லரசுக் கதையில் இதற்கு "பனிப்போரின் முதல் நெருக்கடி" என்று பெயர். நான் ஸ்டாலினுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பினேன், அதனால்தான் அவன் கிளம்பினான் என்று ட்ரூமன் பின்னாளில் சொல்லிக்கொண்டார். ஆய்வாளர்கள் தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஓர் எச்சரிக்கை ஆவணங்களில் அகப்படவில்லை. கவாமின் சாமர்த்தியம், ஸ்டாலினின் கணக்கு, ட்ரூமனின் பெருமை. சதுரங்கம் பேசுகிறவர்களுக்கு இதில் தீனி நிறைய உண்டு. கொளுத்தப்பட்ட பாடப்புத்தகத்தில் அ, ஆ படித்த பிள்ளை இந்தக் கதையில் எங்கேயும் வராது.

6

இப்போது என் சோதனைக்கு வருகிறேன். ஒரு பிழைக்கு ஒருத்தன்தான் காரணம் என்று சந்தேகம் வந்தால், அவன் போட்ட மாற்றத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம். பிழை போய்விட்டால் அவன்தான். போகவில்லை என்றால் அது அதற்கு முன்பே உள்ளே இருந்தது.

1946 டிசம்பரில் வரலாறு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. வெளிக்கையை முழுசாக எடுத்துவிட்டது. கட்சி இல்லை, பணம் இல்லை, படை இல்லை, தலைவனும் இல்லை. கோரிக்கை போய்விட்டதா? 1979 புரட்சிக்குப் பிறகு எழுதிய அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, வட்டார மொழிகளைப் பத்திரிகையில் பயன்படுத்தலாம், அவற்றின் இலக்கியத்தைப் பள்ளியில் பாரசீகத்தோடு சேர்த்துச் சொல்லித்தரலாம் என்கிறது. கோரிக்கை உயிரோடு இல்லாமல் அந்த வரி எதற்கு? எழுதியதோடு சரி, பள்ளிக்கூடங்களுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. மறுபடியும் ஏட்டுச் சுரைக்காய். 2006இல் அரசாங்கப் பத்திரிகை ஒன்று அஜேரி பேசும் கரப்பான்பூச்சியைக் கேலிச்சித்திரமாகப் போட்டபோது தப்ரீஸ் தெருவுக்கு வந்தது. அறுபது வருடம் கழித்து! எந்த ஸ்டாலின் அனுப்பினார் அவர்களை?

தெஹ்ரானில் மன்னர் இருந்தபோது வெளிக்கை கம்யூனிஸ்ட்டாக இருந்தது. மதகுருக்கள் வந்த பிறகு சியோனிஸ்ட் ஆனது. கையின் பெயர்தான் மாறியது. சொந்தச் சட்டத்தில் எழுதியதைக் கொடுக்காமல் இருப்பது, கேட்டால் பின்னால் யார் என்று கேட்பது, இரண்டும் மாறவே இல்லை. 2022இல் தெஹ்ரான் தன் தெருக்களில் போராட்டத்தை அடக்கிக்கொண்டே, எல்லை தாண்டி இராக்கில் இருந்த குர்துக் குழுக்கள் மேல் ஏவுகணை வீசியது. எய்தவனைத் தேடிப் போனார்களாம்.

7

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

ஒன்று, இடதுசாரி நண்பர்களிடமிருந்து. "இப்படிப் பேசினால் ஏகாதிபத்தியத்துக்குத்தானே லாபம்? அவன் இந்த வலியைத்தானே பயன்படுத்துகிறான்?" ஆமாம், பயன்படுத்துகிறான். 2025 ஜூனில் குண்டு விழுந்த நாட்களிலும் ஈரானைத் துண்டு போடுவது பற்றிச் சிலர் ஆசையாகப் பேசினார்கள். அந்த ஆசைக்கு மருந்து 15ஆவது பிரிவை நடைமுறைப்படுத்துவது. வலியை மறுப்பது அந்த ஆசைக்குத்தான் உரம் போடும். தாய்மொழியில் படிக்கும் உரிமை கையில் இருக்கிற ஊரில் அதே உரிமையைத் தருவதாகச் சொல்லி எந்த வல்லரசும் கடை போட முடியாது.

இரண்டாவது, என் கேன்டீன் நண்பனைப் போல "உடையட்டும்" என்கிறவர்களிடமிருந்து. அவர்களுக்கு மக்கள் மேல் அக்கறை இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அவர்களும் கேட்கவில்லை. தப்ரீஸ் ஒற்றைக் குரலில் பேசுகிற ஊர் இல்லை. அதன் மிகப் பெரிய மகன்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் அஹ்மத் கஸ்ரவி, வீட்டில் அஜேரி பேசி வளர்ந்தவர். அவர்தான் நாடு முழுக்கப் பாரசீகம் மட்டுமே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக எழுதினார். சத்தார் கான் நாடாளுமன்றத்துக்காகத்தான் துப்பாக்கி தூக்கினார், பிரிந்து போக இல்லை. பிஷேவரியின் கட்சியும் வெளியே கேட்டது ஈரானுக்குள் தன்னாட்சி. பிரிவினை என்ற சொல் மாஸ்கோவின் ரகசியத் தாளில்தான் இருந்தது. அங்கே பலர் ஒரே நேரத்தில் ஈரானியராகவும் அஜேரியாகவும் இருக்க விரும்புகிறார்கள். சதுரங்கப் பலகையில் ஒரு காய் ஒரே சமயத்தில் இரண்டு கட்டத்தில் நிற்க முடியாது. மனிதர்கள் நிற்பார்கள்.

பிஷேவரியை நான் தியாகியாக்கவில்லை. ஓநாயின் தோளில் கை போட்டார், அதற்கான விலையைத் தானும் கொடுத்து தன் மக்களையும் கொடுக்க வைத்தார். அவர் போன பிறகு தாய்மொழியில் பள்ளி கேட்ட ஒவ்வொருவரையும் தெஹ்ரான் அவர் பெயரைச் சொல்லியே வாயடைத்தது. அது அவர் செய்த பெரிய தவறு. ஆனால் அந்தத் தவறைக் காட்டிக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

8

கேன்டீனில் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

பின்னால் யார் என்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில், அவர்கள் என்ன கேட்கிறார்கள், எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள், யார் இல்லை என்றார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வீடியோவைப் பாருங்கள், சதுரங்கம் ஆடுங்கள், எல்லாம் செய்யுங்கள்.

ஏனென்றால் பின்னால் யாரோ எப்போதும் இருப்பார்கள். ஜார் இருந்தார், பிரிட்டன் இருந்தது, ஸ்டாலின் இருந்தார், இன்று வேறு சிலர் இருக்கிறார்கள். எல்லைப்புறம் என்றாலே பக்கத்தில் ஒருவன் காத்துக்கொண்டிருப்பான். அது அந்த மக்கள் செய்த குற்றம் இல்லை. அவர்கள் ஊர் இருக்கிற இடம் அப்படி. ஆற்றங்கரையில் வீடு கட்டியவன் தண்ணீர் கேட்டால், நீ ஆற்றுக்காரனின் ஆள்தானே என்று கேட்கக் கூடாது. வீட்டுக்குக் குழாய் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும்.